கைப்பேசியில் ஓர் ஆசிரியர் அறை

கடந்த ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, பி.எட். இரண்டாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்த என் தம்பி மகள் கைப்பேசியில் அழைத்தாள். மறுநாள் காலை ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பின்னங்கள் பற்றிய பாடத்தை அவள் தொடங்க வேண்டும்.

"பெரியப்பா, யூடியூபில் இருபது காணொலிகள் பார்த்துவிட்டேன். எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால், வகுப்பில் போய் நின்றதும் என்ன கேட்டுத் தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை" என்றாள்.

பொருளியலில் முனைவர் பட்டம் பெற்றவன் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் கற்பித்தவன். என்றாலும், பதினொரு வயதுக் குழந்தைக்கு மூன்றில் ஒரு பங்கை எப்படிப் புரியவைப்பது என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. ஒரு பொருளை அறிந்திருப்பது வேறு. அதைக் கற்பிக்க அறிந்திருப்பது வேறு. "உன் தோழிகளிடம் கேட்டுப் பார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அது தப்பித்துக்கொள்ளச் சொன்ன பதில்தான். ஆனால், அடுத்த சில வாரங்களில் நடந்தவற்றை அவள் சொல்லக் கேட்டபோது, ஆசிரியர் கல்வி குறித்து நான் கொண்டிருந்த சில எண்ணங்களை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அவளது கைப்பேசியில் மூன்று குழுக்கள் இருந்தன. முதலாவது, கல்லூரியின் வாட்ஸ்ஆப் குழு. நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்ள அதில் அறிவிப்புகளும், பிறந்தநாள் வாழ்த்துகளும், முந்தைய ஆண்டு மாணவர்களின் பாடக்குறிப்புகளும் வந்து குவியும். இரண்டாவது, ஆசிரியர் தகுதித் தேர்வுக்கான டெலிகிராம் குழு. பல்லாயிரம் பேர் உள்ள அதில் நாள்தோறும் வினா-விடைகள் வரும். மூன்றாவது குழுவில் இருந்தவர்கள் ஆறே பேர்: ஐந்து தோழிகள், அவர்களில் ஒருத்திக்குப் பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்.

அந்த இரவு முதல் இரண்டு குழுக்களிலும் அவளுக்கு எந்தப் பதிலும் கிடைக்கவில்லை. மூன்றாவது குழுவில் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியை குரல் பதிவு ஒன்றை அனுப்பியிருந்தார். "நீ தொடங்காதே அம்மா, அவர்கள் தொடங்கட்டும். மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா என்று மட்டும் கேள். ஏன் என்றும் கேள். சரி, தவறு என்று எதுவும் சொல்லாமல் எழுதிக்கொண்டு வா."

மறுநாள் வகுப்பிலிருந்த 38 பேரில் 27 பேர் நான்கில் ஒன்றுதான் பெரிது என்றார்கள். காரணம் எளிது: மூன்றைவிட நான்கு பெரிது. அன்று மாலை இதைக் குழுவில் எழுதினாள். மற்ற நால்வரும் தத்தம் பள்ளிகளில் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தனர். ஏறத்தாழ இதே பதில்தான் வந்தது. செய்தித்தாளை ஒரே நீளமுள்ள பட்டைகளாக வெட்டி, ஒன்றை மூன்றாகவும் மற்றொன்றை நான்காகவும் மடிக்கச் சொல்லலாம் என்று முடிவானது. செவ்வாய்க்கிழமை அதைச் செய்தாள். பெரும்பாலான குழந்தைகளின் முகம் மலர்ந்தது. ஆனால், ஒரு சிறுவன் மட்டும் இரண்டு மடிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, "தாளில் மூன்றில் ஒன்றுதான் பெரிசு டீச்சர். கணக்கில் நான்கில் ஒன்றுதான் பெரிசு" என்றானாம்.

அந்த ஒரு வாக்கியம் ஆறு பேரையும் ஒரு வாரம் தூங்கவிடவில்லை. தாளில் காண்பதும் கணக்கில் எழுதுவதும் ஒன்றையே குறிக்கின்றன என்பது அச்சிறுவனுக்கு எட்டவில்லை. இருபது காணொலிகளிலும் இந்தச் சிக்கல் இல்லை. ஏனென்றால், அவற்றில் இந்தச் சிறுவன் இல்லை.

ஆசிரியராகப் பயிற்சி பெறும் இளைஞர்களுக்குச் சமூக ஊடகம் பயன்படுமா, படாதா என்ற விவாதம் கல்லூரிகளில் அடிக்கடி எழுகிறது. கைப்பேசியே கூடாது என்பார் ஒரு சாரார். உலகத்தின் சிறந்த வகுப்பறைகளெல்லாம் உள்ளங்கைக்கு வந்துவிட்டன, இனி என்ன குறை என்பார் மறுசாரார். இருவருமே ஊடகத்தைப் பார்க்கின்றனரே தவிர, அதில் நிகழ்வது என்ன என்பதைப் பார்ப்பதில்லை. என் தம்பி மகளின் மூன்று குழுக்களும் ஒரே கருவியில்தான் இருந்தன. இரண்டு குழுக்கள் அவளுக்குச் சரக்கை அளித்தன. ஒன்று மட்டுமே அவளைத் தொழில் கற்கச் செய்தது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், கல்வி எவ்வாறு நிறைவடைகிறது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறது. ஆசிரியர் உரைப்பதைக் கேட்பதால் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்வோருடன் பழகுவதால் கிடைப்பது கால் பங்கு. பிறருக்கு எடுத்துரைப்பதால் கிடைப்பது எஞ்சிய அரைப் பங்கு. இது அளந்து கண்ட புள்ளிவிவரமன்று; அனுபவத்தின் வாய்மொழி. எனினும், ஆசிரியப் பயிற்சியைப் பற்றிச் சிந்திக்க இதைவிடத் தெளிவான சட்டகம் எனக்குத் தெரியவில்லை. சமூக ஊடகத்தின் இயல்பான இடம் இரண்டாவது கால் பங்கு. ஆனால், நம் பயிற்சி மாணவர்கள் அதைப் பெரும்பாலும் முதல் கால் பங்குக்கு, அதாவது கேட்டுக்கொண்டிருப்பதற்கு, மட்டுமே பயன்படுத்துகின்றனர். அரைப் பங்கையும் அதிலேயே பெற்றுவிடலாம் என்று நம்புவோரும் உண்டு.

அவர்களைக் குறை கூறுவதற்கு முன், அவர்கள் நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஆசிரியர் கல்விக்கான தேசிய குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பு 2015 முதல் இரண்டு ஆண்டுகளாயிற்று. அதில் குறைந்தது 20 வாரங்கள் பள்ளியில் கழிய வேண்டும்: முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. ஏட்டளவில் இது நல்ல ஏற்பாடு. பள்ளியின் மூத்த ஆசிரியர் ஒருவர் வழிகாட்டுவார். கல்லூரிப் பேராசிரியர் வந்து வகுப்பைக் கவனித்துக் குறை நிறைகளைச் சொல்வார் என்பதே இதன் அடிப்படை எண்ணம்.

நடைமுறை வேறு. என்னிடம் முதுகலைப் பொருளியல் பயின்று பின்னர் பி.எட். சேர்ந்த மாணவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். விடுப்பில் சென்ற ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வது, மதிப்பெண் பட்டியல் எழுதுவது, விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது என்று வாரங்கள் கழிகின்றன. வழிகாட்டி ஆசிரியருக்கோ அவருடைய சுமையே பெரிது. கல்லூரியிலிருந்து வருபவர் பதிவேட்டில் கையொப்பமிட்டு, தலைமை ஆசிரியருடன் தேநீர் அருந்தி விடைபெறுகிறார். விதிவிலக்கான நல்ல கல்லூரிகளும் அர்ப்பணிப்புள்ள பேராசிரியர்களும் இல்லாமலில்லை. ஆனால், உச்சநீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டு அறிக்கையைச் சுட்டி, நாட்டிலுள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தியங்கும் ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் பெரும்பாலானவை உண்மையான பயிற்சிக்கு முயலாமல் பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்ற பொருளில் 2020-ஆம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கையே குறிப்பிடுகிறது. அக்கொள்கையை ஏற்போரும் எதிர்ப்போரும் இந்த ஒரு செய்தியில் வேறுபட மாட்டார்கள்.

இத்தகைய சூழலில் தனித்து விடப்பட்ட ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ கைப்பேசியை நாடுவதில் வியப்பில்லை. அது பொழுதுபோக்கு நாட்டமன்று. கல்லூரியும் பள்ளியும் தர மறந்ததைத் தேடும் முயற்சி. பெரும்பாலும் குடும்பத்தின் முதல் பட்டதாரியான அவருக்கு, வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆசிரியர் இருப்பதில்லை. ஆகவே, சமூக ஊடகத்தைக் கண்டிக்கும் கல்லூரிகள் முதலில் தங்கள் மேற்பார்வைப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பது நல்லது.

ஆனால், கைப்பேசி அவருக்கு என்ன தருகிறது?

முதலாவதாக, நகலைத் தருகிறது. பாடக்குறிப்பு எழுதுவது பயிற்சியின் அடிப்படை. ஒரு பக்கம் ஆசிரியர் செயல்பாடு, மறுபக்கம் மாணவர் செயல்பாடு, இறுதியில் மதிப்பீடு என்று கட்டம் கட்டி எழுத வேண்டும். முந்தைய ஆண்டுகளில் எழுதப்பட்ட குறிப்புகள் பி.டி.எஃப். கோப்புகளாகக் குழுக்களில் சுற்றி வருகின்றன. தேதியையும் பள்ளியின் பெயரையும் மாற்றி, அழகான கையெழுத்தில் படியெடுத்தால் பதிவேடு ஆயத்தம். என் முன்னாள் மாணவர் ஒருவர் இதைச் சொல்லிவிட்டு, சற்று நேரம் கழித்து வெட்கத்துடன் ஒன்றைச் சேர்த்தார்: "மாணவர் செயல்பாடு என்ற பகுதியையும் அப்படியே எழுதிவிட்டேன் ஐயா. நான் பார்த்தே இராத பிள்ளைகள் சொன்ன பதில்கள் அவை." அவரைவிட அந்தப் பதிவேட்டுக்கு மதிப்பெண் இட்டவர்தாம் அதிகம் வெட்கப்பட வேண்டும்.

பொருளியல் மாணவனுக்கு இதில் புதிர் எதுவும் இல்லை. படியெடுக்க ஆகும் செலவு ஏறத்தாழ சுழியம். படியெடுத்த பதிவேட்டுக்கும் சொந்தமாக எழுதியதற்கும் கிடைக்கும் மதிப்பெண் ஒன்றே. அப்படியானால், சொந்தமாக எழுதுபவரே நட்டமடைகிறார். இங்கே குற்றம் வாட்ஸ்ஆப்புடையதன்று. அது இல்லாத காலத்திலும் பதிவேடுகள் விடுதிக்கு விடுதி கைமாறத்தான் செய்தன. கருவி அந்தப் பழைய நோயின் வேகத்தைக் கூட்டியிருக்கிறது.

இரண்டாவதாக, தேர்வுச் சரக்கைத் தருகிறது. 2012 ஜூலையில் தமிழகத்தில் முதன்முறையாக நடந்த ஆசிரியர் தகுதித் தேர்வை எழுதிய ஆறு லட்சத்துக்கும் அதிகமானோரில் ஒரு சதவீதத்தினர்கூடத் தேர்ச்சி பெறவில்லை. அந்த அதிர்ச்சி இன்னும் நீங்கியபாடில்லை. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பணிக்காலம் உள்ள ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் இத்தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர், பணியிலிருப்போரும் இந்தக் குழுக்களில் சேரத் தொடங்கிவிட்டனர். வேலை வாய்ப்பு அரிதாகிவிட்ட காலத்தில் தேர்வுக்குப் படிப்பதை யாரும் இழிவாகப் பேச முடியாது. ஆனால், பியாஜேயின் வளர்ச்சி நிலைகளை வரிசை மாறாமல் ஒப்பிப்பதும், பியாஜே சொன்னதைத் தன் முன்னால் அமர்ந்திருக்கும் சிறுவனிடம் காண்பதும் வெவ்வேறு திறன்கள். டெலிகிராம் குழு முதலாவதைத் தரலாம், இரண்டாவதைத் தராது.

மூன்றாவதாக, உறுதியான குரலில் சொல்லப்படும் தவறுகளைத் தருகிறது. படிப்பதில் பத்து சதவீதம் நினைவில் நிற்கும், கேட்பதில் இருபது, பார்ப்பதில் முப்பது என்று ஏறிச் செல்லும் முக்கோணப் படம் ஒன்றைக் காணாத ஆசிரியர் குழு இருக்க முடியாது. அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேலின் பெயரில் அது உலவுகிறது. டேல் 1946-இல் வெளியிட்ட நூலில் அனுபவக் கூம்பு ஒன்று உண்டு. ஆனால், அதில் சதவீதங்கள் இல்லை. அவை பிற்காலத்தில் யாரோ ஒட்டியவை; அவற்றுக்கு அடிப்படையான ஆய்வு எதுவும் இல்லை. அதேபோல், ஒவ்வொரு குழந்தையும் கண்ணாலோ காதாலோ உடலசைவாலோ கற்கும் வகையைச் சேர்ந்தது, அந்த வகையறிந்து கற்பிக்க வேண்டும் என்ற கருத்து. 2008-இல் அமெரிக்க உளவியலாளர்கள் நால்வர் அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, அவ்வாறு வகை பிரித்துக் கற்பிப்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினர். பகிர்வோரின் எண்ணிக்கை உண்மைக்குச் சான்றாகாது என்பதை வருங்கால ஆசிரியரே அறியாவிட்டால், அவரிடம் பயிலும் பிள்ளைகளுக்கு அதை யார் கற்பிப்பது?

இவையெல்லாம் குறைகள். அப்படியானால், கைப்பேசியை மூடி வைத்துவிட்டு வகுப்பறைக்குள் சென்றால் போதுமா? அதுவும் போதாது என்பதை ஒரு பொருளியல் அறிஞர் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கென்னத் ஆரோ, செய்வதன் மூலம் கற்றல் பற்றி 1962-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஸ்வீடன் நாட்டின் ஹோர்ன்டால் இரும்பாலையை அதில் எடுத்துக்காட்டினார். பதினைந்து ஆண்டுகள் அந்த ஆலையில் புதிய முதலீடு எதுவும் இல்லை. எனினும், ஒரு தொழிலாளியின் ஒரு மணி நேர உற்பத்தி ஆண்டுதோறும் சராசரியாக 2 சதவீத அளவுக்கு உயர்ந்துகொண்டே வந்தது. அனுபவமே அங்கு மூலதனமாயிற்று. ஆரோவை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திக்கொள்வர். அவர் வேறொன்றையும் சொன்னார்: ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் கற்றல் விரைவில் தேய்ந்துபோகும், அது வளர வேண்டுமானால் புதிய சிக்கல்கள் முன்வந்துகொண்டே இருக்க வேண்டும். இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியர்கள் சிலரிடம் இருப்பது இருபது முறை செய்த ஓராண்டு அனுபவமே என்பதை நாம் அறிவோம்.

ஆக, வகுப்பறையில் செய்து பார்ப்பது இன்றியமையாதது. செய்ததைப் புதிய கண்ணால் பார்க்கத் தூண்டுவோரும் இன்றியமையாதவர். அந்தத் தூண்டுதலைத்தான் அந்த ஆறு பேர் குழு அளித்தது.

இதை நான் என் சொந்த வாழ்வில் அறிவேன். 1980-களில் நான் விரிவுரையாளராகச் சேர்ந்தபோது, கற்பிப்பது எப்படி என்று யாரும் எனக்குக் கற்பித்திருக்கவில்லை. கல்லூரி ஆசிரியராகப் பணியில் சேர அப்படியொரு பயிற்சி முன்நிபந்தனையாக இருக்கவில்லை. தேவையின் நெகிழ்ச்சி என்ற பாடத்தைப் பாடநூலில் உள்ளபடியே சூத்திரம் எழுதி நடத்தினேன். கிராமங்களிலிருந்து வந்த மாணவர்கள் மௌனமாக எழுதிக்கொண்டார்கள். அடுத்த அறையில் வகுப்பெடுத்த மூத்த பேராசிரியர் ஒருவர், ஆசிரியர் அறையில் தேநீர் குடித்துக்கொண்டே, "தம்பி, தக்காளி அமோகமாக விளைந்த ஆண்டில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கொண்டுபோனவன் ஏன் அழுதுகொண்டே திரும்பினான் என்று கேளுங்கள். உங்கள் வகுப்பில் அவன் பிள்ளை இருப்பான்" என்றார். மறுநாள் கேட்டேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்து ஐந்து நிமிடம் பேசினான். அதற்குப் பின்னரே சூத்திரத்தை எழுதினேன்.

அந்த ஆசிரியர் அறைக்கு மூன்று இயல்புகள் இருந்தன. நான் தடுமாறியதைச் சொல்லலாம். யாரும் சிரிக்க மாட்டார்கள். கேட்டவருக்கு என் மாணவர்களைத் தெரியும். மறுநாள், "என்ன ஆயிற்று?" என்று கேட்பார். இந்த மூன்றும் உள்ள இடம் சுவர்களுக்குள் இருந்தாலும் கைப்பேசிக்குள் இருந்தாலும் அது ஆசிரியர் அறைதான். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் ஐயாயிரம் பேர் கூடியிருந்தாலும் அது சந்தைதான்.

ஏன் சிறிய குழு? பொருளியல் அறிஞர் மான்சர் ஓல்சன் 1965-இல் எழுதிய கூட்டுச் செயல்பாடு பற்றிய நூல் இதற்கு விடை தருகிறது. ஒரு குழு பெரிதாக ஆக, பொதுப் பயனுக்காகத் தம் பங்கைச் செலுத்த ஒவ்வொருவருக்கும் உள்ள தூண்டுதல் குறைகிறது. மற்றவர் செய்வர், நாம் எடுத்துக்கொள்வோம் என்ற எண்ணம் மேலோங்குகிறது. நூறு பேர் குழுவில் ஒருவர் பேசாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆறு பேர் குழுவில் ஒருவர் மூன்று நாள் பேசாவிட்டால், "உடம்புக்கு என்ன?" என்று கேட்பார்கள். வாட்ஸ்ஆப் ஒரு குழுவில் 1,024 பேர் வரை அனுமதிக்கிறது என்பதற்காக அத்தனை பேரையும் சேர்க்க வேண்டியதில்லை.

ஜப்பானில் மெய்ஜி காலத்தில் தொடங்கிய பாட ஆய்வு என்ற வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஆசிரியர்கள் சிலர் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவர். ஒருவர் அதை நடத்த, மற்றவர்கள் வகுப்பில் அமர்ந்து பார்ப்பர். ஆசிரியரைவிட மாணவர்களையே கூர்ந்து கவனிப்பர். பின்னர் கூடிப் பேசித் திருத்துவர். ஐந்து பள்ளிகளில் சிதறிக் கிடக்கும் நம் பயிற்சி மாணவர்கள் ஒருவர் வகுப்பில் மற்றவர் அமர இயலாது. ஆனால், ஒரே கேள்வியை ஐந்து வகுப்புகளில் கேட்டு, வந்த விடைகளை மாலையில் ஒப்பிடலாம். என் தம்பி மகளும் தோழிகளும் பாட ஆய்வு என்ற பெயரைக் கேள்விப்பட்டதில்லை; எனினும், அதன் எளிய வடிவத்தைத் தாமே கண்டடைந்தனர்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை.

ஒன்று, குழந்தைகளின் மானம். பயிற்சி மாணவர் பள்ளிக்கு வந்த விருந்தினர். பிள்ளைகள் பாடுவதையும் ஆடுவதையும், சில நேரங்களில் விடை தெரியாமல் விழிப்பதையும் ரீல்ஸ் ஆக்கிப் பதிவிடும் பழக்கம் பரவி வருகிறது. விடைத்தாளில் உள்ள பிழைகளைப் படமெடுத்து நகைச்சுவையாகப் பகிர்வதும் நடக்கிறது. பதினெட்டு வயது நிறையாதோரின் தனிப்பட்ட தரவுகளைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. சட்டம் இருக்கட்டும், தொழில் அறம் என்று ஒன்று உண்டு. நோயாளியின் பிணியை மருத்துவர் ஊருக்குச் சொல்வதில்லை. மாணவரின் பிழை ஆசிரியருக்கு அப்படிப்பட்டது. அதை ஆராய்ந்தால் தொழில் வளரும். கேலிப்பொருளாக்கினால் அந்தப் பிள்ளை இனி வாய் திறக்காது. பெயரும் முகமும் ஊரும் இன்றி, பிழையை மட்டும் நம்பிக்கைக்குரிய சிறு குழுவில் பேசுவதே முறை.

மற்றொன்று, பயிற்சி பெறும் பெண்களின் பாதுகாப்பு. பெரிய வாட்ஸ்ஆப் குழுவில் சேரும் கணமே அவர்களது கைப்பேசி எண் அறியாதவர் அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது. அதற்கு அஞ்சியே கேள்வி கேட்காமலிருப்போர் பலர். வீட்டாரின் கண்டிப்பால் இரவில் கைப்பேசியைத் தொட இயலாதோரும் உண்டு. சமூக ஊடகம் எல்லாருக்கும் சமமாகத் திறந்திருக்கிறது என்று நாம் எண்ணிக்கொள்வது பிழை. ஜவ்வாது மலையிலோ கொல்லிமலையிலோ அலைக்கற்றை எட்டாத பள்ளியில் பயிற்சி பெறுபவரையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். எனவே, கைப்பேசிக் குழு கல்லூரியின் பொறுப்புக்கு மாற்றாகிவிடக் கூடாது.

என்ன செய்யலாம்? பெரும் செலவு பிடிக்காத மூன்று மாற்றங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், மதிப்பெண் வழங்கும் முறை மாற வேண்டும். அழகாக எழுதப்பட்ட நாற்பது பாடக்குறிப்புகளுக்குப் பதில், பத்துப் பாடங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்று தாள்கள்: நான் திட்டமிட்டது என்ன, வகுப்பில் நடந்தது என்ன, அடுத்த முறை எதை மாற்றுவேன். இரண்டாவது தாளில் குறைந்தது இரண்டு மாணவர்களின் சொற்கள் அப்படியே இருக்க வேண்டும். இதை எந்த பி.டி.எஃப். கோப்பிலிருந்தும் எளிதில் படியெடுக்க முடியாது. படியெடுத்தாலும் நேரில் இரண்டு கேள்விகள் கேட்டால் வெளிப்பட்டுவிடும். தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் நினைத்தால் இதை அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.

இரண்டாவதாக, பயிற்சிப் பருவம் தொடங்கும்போதே மாணவர்களை ஆறேழு பேர் கொண்ட பாடவாரிக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரை இணைக்கலாம். மாவட்டந்தோறும் ஓய்வுபெற்ற நல்லாசிரியர்கள் இருக்கின்றனர். அவர்களது நேரத்துக்கு மதிப்பூதியம் தரப்பட வேண்டும். வழிகாட்டுதல் இலவசமாகக் கிடைக்கும் என்று எதிர்பார்த்ததால்தான் அது கிடைக்காமலே போனது. விலையே இல்லாத பொருளுக்கு வழங்கலும் இராது என்பது பொருளியலின் முதல் பாடம். என் தம்பி மகளின் குழுவுக்கு அந்த ஆசிரியை கிடைத்தது நற்பேறு; நற்பேற்றை நம்பி ஒரு கல்வி முறை இயங்கலாகாது.

மூன்றாவது, பயிற்சி மாணவர்கள் தாமே கடைப்பிடிக்க வேண்டியது. பத்துக் காணொலிகள் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி எழுதுங்கள். அந்தக் கேள்வி உங்கள் வகுப்பிலிருந்து வந்ததாக இருக்கட்டும். காணொலியில் பன்னிரண்டு குழந்தைகள் வண்ண அட்டைகளுடன் அமர்ந்திருப்பார்கள். உங்கள் வகுப்பில் நாற்பது பேர் இருப்பார்கள், சுண்ணக்கட்டி மட்டும் இருக்கும். அங்கிருந்து எதை எடுத்துவரலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று உடன் பயில்வோருடன் பேசுங்கள். ஒன்றை எடுத்துக்கொண்டால் ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள்: அது உங்களிடம் எப்படி நடந்தது, எங்கே நடக்கவில்லை என்ற இரண்டு வரிகள் போதும். குழுக்களில் மிகுதியாகப் பகிரப்படுவது வெற்றி. மிக அரிதாகப் பகிரப்படுவது தோல்வி. தொழில் கற்போருக்குத் தேவைப்படுவதோ பெரும்பாலும் இரண்டாவதுதான்.

இதில் பணயமாக இருப்பது பயிற்சி மாணவரின் மதிப்பெண் மட்டுமன்று. அவர் நாளை முப்பது ஆண்டுகள் பணியாற்றப் போகிறார். ஆண்டுக்கு நூறு பிள்ளைகள் என்றாலும் மூவாயிரம் பிள்ளைகள். பிள்ளை ஏன் அப்படிச் சொன்னது என்று கேட்கும் பழக்கம் இந்த 20 வாரங்களில் அவருக்கு அமையாவிட்டால், பின்னர் அமைவது கடினம். அரசுப் பள்ளியில் பயிலும் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி மையம் கிடையாது. வீட்டில் சொல்லித் தருவோரும் பெரும்பாலும் கிடையாது. அதற்கு வாய்த்தது அந்த ஓர் ஆசிரியர்தான்.

அண்மையில் தம்பி மகளிடம், அந்தச் சிறுவன் என்ன ஆனான் என்று கேட்டேன். மூன்றாவது வாரத்தில் எண்கோட்டைத் தரையில் வரைந்து, மடித்த தாள் பட்டையை அதன் மேலேயே வைத்துக் காட்டச் சொன்னாளாம். நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்போ இரண்டும் ஒண்ணுதானா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறான். முழுவதும் புரிந்ததா என்று தனக்கு இன்னமும் உறுதியில்லை என்றாள். பயிற்சி முடிந்து அவள் அந்தப் பள்ளியை விட்டு வந்துவிட்டாள். ஆனால், ஆறு பேர் குழு கலையவில்லை. அதில் இருவர் இப்போது தனியார் பள்ளிகளில் பணியில் இருக்கின்றனர். இந்த வாரம் அங்கே ஓடிக்கொண்டிருப்பது எதிர்மறை எண்களாம்.

நன்னூலார் சொன்ன அரைப் பங்கு எப்போதும் வகுப்பறையில்தான் கிடைக்கும். அதைக் கைப்பேசி தர இயலாது. ஆனால், உடன் பயில்வோரால் வரும் கால் பங்கை அது தர முடியும். நம் கல்லூரிகள் அதை அறிந்து, முறைப்படுத்தி, அதற்கு உரிய மதிப்பளிக்கட்டும். அதுவரை, ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் எங்கோ ஒரு பயிற்சி ஆசிரியை, மறுநாள் வகுப்பை எப்படித் தொடங்குவது என்று தனியே விழித்திருப்பாள்.